ஓசையின் வால்

எங்கள் வீட்டில் விளக்கைக் காப்பாற்ற பத்துப் பேர் இருந்தார்கள். பெட்டியைக் காப்பாற்ற நான் ஒருத்திதான் இருந்தேன், அதையும் ஒழுங்காகச் செய்யவிடவில்லை.

மகள் விஷ்ணுப்ரியாவைக் கிடத்தியிருந்த கூடத்தில், காரியம் முடிகிறவரை அணையக்கூடாது என்று ஒரு விளக்கை ஏற்றி வைத்திருந்தார்கள். ஐப்பசி மழை. குரும்பகரத்தில் அந்த மாதம் வாசல் கதவைத் திறந்தாலே ஈரக்காற்று வீட்டுக்குள் புகுந்து ஆளைத் தள்ளும். துக்கம் கேட்க வந்தவர்கள் விளக்குக்கு மறைப்பாக நின்றே பேசினார்கள். எண்ணெய் குறைந்தால் கேட்காமல் ஊற்றினார்கள். இழவு வீட்டுக்கு வந்த இடத்தில் ஆளுக்கொரு வேலை வேண்டாமா? அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்து அறையில் இன்னொரு வெளிச்சமும் எரிந்துகொண்டிருந்தது. அது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அது அவளுடைய சின்தசைசர். மடியில் வைத்துக்கொள்ளும் அளவில் கறுப்பாக ஒரு பெட்டி. முன்னால் ஆர்மோனியத்தில் இருப்பதுபோல் கட்டைகள், மேலே சில குமிழ்கள், தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு திரை. காரைக்காலில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, வீட்டிலிருந்தே பார்க்கிற ஒரு வேலை கிடைத்ததும் முதலில் அதைத்தான் வரவழைத்தாள். எஃப்எம் என்றாள். ரேடியோவா என்று கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம் வந்து, பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. அறைக்குள்ளிருந்து வந்த சத்தமெல்லாம் எனக்குத் தகரத்தைத் தட்டுவதுபோல்தான் இருந்தது. நெடுங்காடு கொம்யூன் பஞ்சாயத்தில் வீட்டுவரிப் பிரிவில் நாளெல்லாம் கத்திவிட்டு வருகிறவள் நான். வீட்டுக்கு வந்தும் தகரமா?

"இரும்மா, இப்ப நானே ஒண்ணு பண்ணிக்கிட்டிருக்கேன். முடிஞ்சதும் உன்னத்தான் மொதல்ல கூப்பிடுவேன்" என்றாள் ஒரு நாள். கண் சிவந்திருந்தது. தொட்டுப் பார்த்தால் கொதித்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டெங்கு என்றார்கள். திரும்பி வரும்போது அவள் ஆம்புலன்ஸில் வந்தாள். அதற்கு மேல் அதை என்னால் சொல்ல முடியாது.

பெட்டியின் திரை எரிந்துகொண்டே இருப்பதை நான் பார்த்தது அப்புறம்தான். ஊரே கூடத்தில் உட்கார்ந்திருந்தது. நான் புடவை மாற்ற அவள் அறைக்குள் போனேன். நீல வெளிச்சம். அணைத்துவிட்டுப் போகவில்லையே என்று நினைத்தேன். எதற்கென்று தெரியாமல் ஒரு கட்டையை அமுக்கினேன்.

ஓர் ஓசை வந்தது. பித்தளைத் தட்டில் மரக்கரண்டியால் தட்டியது போல ஓர் அடி, அதில் கொஞ்சம் கண்ணாடியும் கலந்திருந்தது. அந்த அடி ஓய்ந்த பிறகு, தணிந்த குரலில் நீளமாக ஒரு மிச்சம். அது நேராகப் போகவில்லை, தூங்குகிறவளின் மூச்சுபோல் வந்து வந்து போனது. வெளியே யாரோ "என்னா சத்தம் அது?" என்று கேட்டார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு இன்னொரு தடவை அமுக்கினேன்.

அவளோடு படித்த சஃபியாவைக் கூப்பிட்டேன். காரைக்கால் டவுன் பெண், எங்கள் வீட்டில் வளர்ந்தவள் மாதிரி. நான் சொன்னதைக் கேட்டதும் பதறிவிட்டாள்.

"ஆன்ட்டி, அத ஆஃப் பண்ணிடாதீங்க. வேற எந்தப் பட்டனயும் தொடாதீங்க. அவ பண்ணிக்கிட்டிருந்தது அப்படியே நிக்கிது போலருக்கு. சேவ் பண்ணாம ஆஃப் ஆனா போயிடும். போன்ல சொன்னா நீங்க எதையாவது மாத்தி அமுக்கிடுவீங்க. நானே வந்து பண்றேன். எங்க அத்தா இப்பத்தான் ஆப்பரேஷன் முடிஞ்சு படுத்திருக்காங்க. ஞாயித்துக்கெழம வந்துடுறேன், இன்ஷா அல்லாஹ்."

அதுவரை நான் காவல் இருந்தேன். மழையில் கரண்டு போய்ப் போய் வந்தது. இன்வெர்ட்டர் பிடித்துக்கொண்டது. தினமும் ஒரே கட்டையை அமுக்கிக் கேட்பேன். அவள் கடைசியாகக் கேட்ட சத்தம் அது. இந்த உலகத்தில் அவளும் நானும் மட்டும்தான் அதைக் கேட்டிருக்கிறோம் என்று நினைக்கும்போது, சொன்னால் தப்பாக நினைப்பீர்கள், ஒரு பெருமைகூட வந்தது.

கல்யாணமாகாத பெண் என்பதால் காரியத்தைச் சுருக்கமாகச் செய்தார்கள். அது சனிக்கிழமை. அதற்கு முந்தின நாள் வீட்டைக் கழுவிவிட வேண்டும் அல்லவா? என் கணவரின் அக்கா தையல்நாயகி அண்ணி திருநள்ளாற்றிலிருந்து வந்து, தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு இறங்கினார். தீட்டுள்ள வீட்டில் ஒரு மூலையைக்கூட விடமாட்டார். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவள் அறையும் கழுவியாகிவிட்டது. பெட்டியின் வயரைப் பிடுங்கி, ஈரத்துணியால் துடைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஒரு பழைய துண்டைப் போட்டு மூடி அலமாரி மேல் வைத்திருந்தார். கூடத்தில் விளக்கு மட்டும் நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

நான் போட்ட சத்தத்தில் தெருவே திரண்டது.

"நான் என்னத்தடி கண்டேன் செல்வி? கரண்டு பொருள் மேல தண்ணி பட்டா ஷாக் அடிக்குமேன்னு புடுங்கி வச்சேன். புள்ள பொருள பத்திரமாத் தொடச்சு வச்சது தப்பா?" என்று அண்ணி அழுதார்.

தப்பில்லை. யார் செய்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். யார் மேலாவது கோபப்படாமல் என்னால் அந்த மாதத்தைத் தாண்டியிருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை சஃபியா வந்து வயரை மாட்டினாள். கட்டையை அமுக்கினால் வேறு ஏதோ வந்தது, கல்யாண வீட்டுப் பாட்டுக் கச்சேரியில் கேட்கிற மாதிரி ஒன்று.

"இது அவளுது இல்ல" என்றேன்.

"இது கம்பெனிலேர்ந்தே போட்டு வர்ற சத்தம் ஆன்ட்டி. இது மாதிரி நெறய இருக்கு. ஆன் பண்ணா மொதல்ல இதான் வரும்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அவ பண்ணது போயிடிச்சு."

"திரும்பப் பண்ண முடியாதா?"

"எப்படி இருந்துச்சுன்னு நான் கேக்கலியே. நீங்கதான கேட்டீங்க."

அப்படியென்றால் நான்தான் செய்ய வேண்டும். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. கம்பெனி போட்டு அனுப்பிய சத்தங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் பெண் நானே பண்ணுகிறேன் என்று சொன்னவள். நானும் ஒன்றுமில்லாததிலிருந்து ஆரம்பிக்கிறேன் என்றேன். சஃபியா வெறும் ஒரு சீழ்க்கை மட்டும் வருகிறாற்போல் வைத்துக்கொடுத்துவிட்டு, மேசை விசிறியைக் காட்டினாள்.

"சின்ன வயசுல ஃபேன் முன்னாடி ஒக்காந்து ஆ-ன்னு கத்தியிருக்கீங்களா?"

"எந்தப் புள்ளதான் கத்தல?"

"மெதுவா சுத்துனா கொரல் நடுங்கும். வேகமா சுத்துனா நடுக்கம் தெரியாது, கொரலே வேறயா ஆயிடும்ல? கிட்டத்தட்ட அதான் இது. ஒரு சீழ்க்கைய இன்னொரு சீழ்க்க புடிச்சு ஆட்டுது. மெதுவா ஆட்டுனா நடுக்கம். காது எட்டாத வேகத்துல ஆட்டுனா புதுசா ஒரு சத்தம். எஃப்எம்னா அவ்ளோதான்."

பெட்டிக்குள் நான்கு சீழ்க்கைகள். ஆபரேட்டர் என்று அவற்றுக்குப் பெயர். தனித்தனியாகக் கேட்டால் நாலும் ஒன்றுதான், ஒன்றுக்கும் லாயக்கில்லாத வெறும் ஊதல். ஆனால் ஒன்றை இன்னொன்றின் மேல் ஏவிவிட்டால் கதையே வேறு. ஆட்டுகிறவனின் சத்தம் வெளியே வராது. ஆடுகிறவனின் சத்தம்தான் நமக்குக் கேட்கும். ஆட்டுகிறவனை நிறுத்திவிட்டால் ஆடுகிறவன் பழையபடி வெறும் ஊதலாகிவிடுவான். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வாரங்கள் ஆயின. ஆபீசிலிருந்து வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொள்வேன்.

ஆட்டுகிறவனின் பலத்தைக் குமிழால் மெல்லக் கூட்டிக்கொண்டே போனால், அந்த ஊதல் முதலில் குழலாகும். பிறகு மூக்கால் பேசும். இன்னும் கூட்டினால் எக்காளமாகி அதட்டும். இரண்டின் வேகத்தையும் ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று என்று முழு எண்ணாக வைத்தால் ஓசை ஒழுங்காக உட்காரும். மூன்றரை என்று வைத்தால் அடுப்படியில் தாம்பாளம் விழும். அந்த மூன்றரையிலேயே ஆட்டுகிறவன் மட்டும் சீக்கிரம் ஓய்ந்துபோகும்படி வைத்துப் பார்த்தேன். டங் என்று அடித்து, ஊம் என்று நீண்டது. மணி! சாமி மணி! இரண்டு ஊதலை வைத்துக்கொண்டு வெண்கலம் செய்திருக்கிறேன். என்னை அறியாமல் கை தட்டிவிட்டேன். தட்டிய கையைப் பார்த்து எனக்கே வெட்கமாகி, அந்த மணியை அமுக்கி அமுக்கி அழுதேன். தகரம் என்றேனே, அவள் இதையல்லவா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்! சொல்லிக்கொடுத்திருந்தால் எனக்கும் புரிந்திருக்கும்.

அவளுடைய ஓசையின் வால் பகுதி எனக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. அந்த வந்து வந்து போகிற மிச்சம் எப்படி என்று சஃபியாவிடம் போனில் கேட்டேன். வெளியே கேட்கிற ஊதல் இரண்டில் ஒன்றைச் சுருதியில் மயிரிழை கூட்டி வைக்கச் சொன்னாள். வைத்தேன். இரண்டும் ஒன்றோடொன்று உரசி அலை எழும்பியது. அதே மூச்சு. சுலபமாக வந்துவிட்டதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இது யாருக்கும் வரும் என்று விட்டுவிட்டேன். தலையில் வருகிற அந்த அடிதான் வரவில்லை. பித்தளை வந்தால் மரம் வராது, மரம் வந்தால் கண்ணாடி போய்விடும். கார்த்திகை, மார்கழி, தை என்று மாதங்கள் போயின. சம்பா அறுப்பு முடிந்தது. என் பெண் அந்த அடியில்தான் ஒளிந்துகொண்டிருக்கிறாள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அந்த அடியை இழந்தால் அவளை இரண்டாவது தடவை இழந்த மாதிரி.

என் கணவர் அம்பலவாணன் அந்த அறைக்குள் வருவதே இல்லை. வாய்க்காலில் கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா, நெல்லில் ஈரப்பதம் எவ்வளவு என்று நாளெல்லாம் வெளியிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். சுடுகாட்டிலும் அவர் அழவில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

ஒரு நாள் வாசற்படியில் நின்றுகொண்டு கேட்டார். "அந்த ரூம்ல என்னத்தத் தேடுற நீ?"

"ஒங்க மவளத்தான்."

"அவ அங்க இல்ல செல்வி."

"வயல்ல இருக்காளா? அங்கயே போய்த் தேடுங்க."

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சித்திரையில் வயல் காய்ந்து கிடந்தது. அவருக்குப் போக இடமில்லை. ஒரு சாயங்காலம் நெடுங்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, தெரு திரும்புகிறேன், எங்கள் வீட்டிலிருந்து அந்த அடி கேட்டது. பித்தளை, மரம், கண்ணாடி மூன்றும் சேர்ந்து. செருப்பு ஒன்று தெருவிலேயே கழன்று கிடக்க, ஓடினேன். அவர் அவள் அறையில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்திருந்தார். முகத்தில் சிரிப்பு.

"இதான? இதானடி? அன்னிக்கு நீ கதவச் சாத்திக்கிட்டு அமுக்கும்போது நானும் கூடத்துல ஒக்காந்து கேட்டேன்ல. நீ படுற பாடு பாக்க சகிக்கல. இன்னிக்கு இதுல உள்ள சத்தத்தையெல்லாம் ஒண்ணொண்ணா அமுக்கிக்கிட்டே வந்தேன், கெடச்சிடிச்சு."

நான் திரையைப் பார்த்தேன். மேலே ஒரு நம்பர், கீழே இங்கிலீஷில் ஒரு பெயர். கம்பெனி போட்டு அனுப்பியது. சஃபியாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "ஆமா ஆன்ட்டி, அது வாங்கும்போதே இருக்கறதுதான்" என்றாள்.

அப்போது எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். செத்துப்போன பெண் மேல் கோபம். நானே பண்ணுகிறேன் என்றாளே! ஒன்றும் பண்ணவில்லை. கடைக்காரன் சத்தத்தை வைத்துக்கொண்டு விளையாடியிருக்கிறாள். அதைத் தேடி நான் இத்தனை மாதம் என் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பட்டனை அமுக்கினால் ஊரில் யாருக்கும் வருகிற ஒன்றுக்காக என் நாத்தனாரைப் பகைத்துக்கொண்டிருக்கிறேன்.

"யாருக்காவது தூக்கிக் குடுத்துடுங்க" என்றேன். அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அவர் கொடுக்கவில்லை. இப்போது நான் அறைக்குள் போவதில்லை, அவர் போக ஆரம்பித்தார். சாயங்காலம் கைகால் கழுவிக்கொண்டு வந்து, சாமி கும்பிடுகிறவர்போல் உட்கார்ந்து, ஒரே கட்டையை ஒரு தடவை அமுக்கிக் கேட்பார். முடிந்ததும் எழுந்து வந்து சாப்பிட உட்காருவார். அவருக்கு அது போதும். அதைப் பார்த்து எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

அப்படி ஒரு சாயங்காலம் நான் அடுப்படியில் மோர் கடைந்துகொண்டிருந்தேன். உள்ளே அடி கேட்டது. அடி ஓய்ந்தது. மிச்சம் நீண்டது. என் காது பாட்டுக்கு அடுத்ததற்காகக் காத்திருந்தது. அது வரவில்லை. அந்த மிச்சம் நூல் பிடித்தாற்போல் நேராகப் போய்த் தேய்ந்து நின்றுவிட்டது.

மத்தைப் போட்டுவிட்டு உள்ளே போனேன். "இன்னொரு தடவ அமுக்குங்க. கைய எடுக்காம கடைசி வரைக்கும் வைங்க."

அமுக்கினார். தலை அதேதான், அட்சரம் பிசகவில்லை. வால் நேராகப் போய்ச் செத்தது.

"இது இல்லைங்க" என்றேன்.

"இதான் செல்வி. நான்தான் கேட்டேனே."

"நீங்க கூடத்துல இருந்து கேட்டது அடிய மட்டும். அப்பறம் வர்றது அத்தன பேரு பேச்சுல கேட்டிருக்காது."

பெட்டியை அவர் மடியிலிருந்து வாங்கிக்கொண்டேன். அந்தச் சத்தத்தின் உள்ளே போய் நான்கு ஆபரேட்டரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இப்போது அவை எனக்குப் பழகிய ஆட்கள். இரண்டு ஆட்டுகிறவர்கள், இரண்டு ஆடுகிறவர்கள். ஆடுகிற இரண்டும் கம்பெனி வைத்தபடி ஒரே சுருதியில் நின்றன. அதனால்தான் நேராகப் போகிறது. அதில் ஒன்றை மயிரிழை கூட்டினேன். அலை அவசரப்பட்டது. கொஞ்சம் குறைத்தேன். கட்டையை அமுக்கினேன்.

பித்தளை. மரம். கண்ணாடி. அது ஓய்ந்த பிறகு, வந்து வந்து போகிற அந்த மூச்சு. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டேனே, அதே மூச்சு. ஆஸ்பத்திரியில் அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டே இருந்த மூச்சும் இப்படித்தான் வந்து வந்து போயிற்று.

அவர் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இத்துல எது அவ பண்ணது?"

"கடைசில ஆடுதே, அதாங்க."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். கம்பெனிக்காரன் போட்டு வச்சத எடுத்து ஒண்ணே ஒண்ண மாத்தியிருக்கா. அடுத்தது அடிய மாத்தியிருப்பா, அப்பறம் ஆட்டுறவன மாத்தியிருப்பா, கடைசில அவன் சத்தமே இருந்திருக்காது, முழுக்க அவளுதா ஆகியிருக்கும். பொய் சொல்லலைங்க அவ. இப்பத்தான் ஆரம்பிச்சிருந்தா."

சொல்லும்போதுதான் நானும் அதைக் கேட்டேன். இருபத்து மூன்று வயதுப் பெண். வேலைக்கு அப்போதுதான் போனாள், சம்பளம் அப்போதுதான் வாங்கினாள், எல்லாமே அப்போதுதான்.

"இப்பத்தான் ஆரம்பிச்சிருந்தாளா?" என்று அவர் கேட்டார். கேட்டுக்கொண்டே சரிந்து தரையில் தலை முட்ட, பெரிய குரலெடுத்து அழுதார். சுடுகாட்டில் வராதது அவருக்கு அப்போது வந்தது. நான் அவர் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மற்றக் கையால் அந்தச் சத்தத்தைச் சேவ் செய்தேன். அடியில் கை வைக்கவில்லை. அதை எப்படி மாற்றுவது என்று இப்போது எனக்குத் தெரியும், அவள் எப்படி மாற்றியிருப்பாள் என்றுதான் தெரியாது.